பிடித்துக்கொண்ட முன் பிரேக்: புயல் மீது பழி போடலாமா?

கேள்வி: என்னிடம் 2006-இல் வாங்கிய 150 சிசி பைக் உள்ளது, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, வண்டி பாதிச் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. இப்போது முன் பிரேக் லீவர் கல்லைப் போல நிற்கிறது, சிறிதும் அசையவில்லை. வண்டியைத் தள்ளினால் சக்கரம் மட்டும் தாராளமாகச் சுற்றுகிறது. லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் உருளையான மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழையதைச் சரிசெய்து ஓட்ட முடியாதா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு கணக்கை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். வெள்ளம் பாதிச் சக்கரம் வரைதான் வந்தது என்றால், அது கெடுத்திருக்கக்கூடியது, டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்க கீழே இருக்கும் கேலிப்பரை. சக்கரம் தாராளமாகச் சுற்றுவதால் கேலிப்பர் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரோ ஹேண்டில்பாரில், தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க வைத்தது புயல் அல்ல, பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் உள்ளே கிடந்த பிரேக் ஆயிலும், தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றும்தான். புயல் வந்திராவிட்டாலும் இந்த லீவர் ஒரு நாள் நின்றிருக்கும்.

நம் வண்டிகளில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி, 3.7 சதவீத ஈரம் கலந்துவிட்டால் அதற்கான வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நிறுத்தியே வைத்த வண்டிக்குக் கொதிநிலையை விட அரிப்புதான் பெரிய பகை. ஈரமேறிய ஆயில் அலுமினியச் சுவரை உள்ளிருந்து அரிக்க, லீவர் பக்கத்து ரப்பர் உறை வெடித்த இடத்தில் உப்பீரம் வெளியிலிருந்து அரிக்க, இரண்டுக்கும் நடுவில் விளையும் வெள்ளைத் தூள் பிஸ்டனைச் சுற்றிச் சுண்ணாம்பு போல இறுகிவிடுகிறது.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. லீவரின் அச்சு போல்ட்டைக் கழற்றி லீவரைத் தனியே எடுங்கள். அந்த போல்ட்டே துருவேறிப் பிடித்திருப்பதும், அதற்காக நல்ல மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கிப் போடுவதும் நடக்கிற கதைதான். லீவர் வந்த பிறகு, கேலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸை மாஸ்டர் சிலிண்டரில் பிடித்திருக்கும் போல்ட்டைத் துணி சுற்றிச் சற்றுத் தளர்த்தி, பிஸ்டனின் முனையை மொட்டையான ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே போய்த் திரும்பினால் மாஸ்டர் சிலிண்டர் குற்றவாளி அல்ல, கோளாறு லீவர் போல்ட்டிலோ ஹோஸிலோ கேலிப்பரிலோ இருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் மெக்கானிக் பிழையான இடத்தைக் காட்டவில்லை.

இனிக் கழற்றலாம். பெட்ரோல் டேங்க்கின் மேல் ஈரத் துணியைப் போர்த்திவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே சரி. ஆயிலை வடித்து, ஹோஸைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, உருளையை ஹேண்டில்பாரிலிருந்து பிரியுங்கள். ரப்பர் உறையை உரித்தால் உள்ளே பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் வளையக் கிளிப்பான சர்க்ளிப் தெரியும். அது துருப்பிடித்திருக்கும், உட்பக்க சர்க்ளிப்புக்கென்றே உள்ள மெல்லிய மூக்குப் பிளையரைக் கொண்டு எடுக்க வேண்டுமே தவிர, ஆணியால் நெம்பினால் சுவரில் கீறல் விழும், அதோடு அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது.

சர்க்ளிப் வந்தும் பிஸ்டன் வராதபோதுதான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. சுத்தியலை எடுக்காதீர்கள். நன்கு கொதித்த நீரில் உருளையை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். உப்பும், உறைந்த ஆயில் கசடும் நீரில் கரையக்கூடியவை என்பதால், இரண்டு மூன்று முறை நீரை மாற்றினாலே பல பிஸ்டன்கள் இளகிவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால் ஹோஸ் மாட்டும் துளை வழியாகக் கிரீஸ் கன்னால் அழுத்தம் கொடுத்துத் தள்ளலாம். ஆயில் தொட்டியின் துளைகள் வழியாகக் கிரீஸ் பிதுங்கினால் அவற்றை அடைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடைக் காற்றாலும் தள்ளலாம் என்பார்கள். அதில் பிஸ்டன் தோட்டாவைப் போலப் பாயும் என்பதால், கனமான துணியால் சுற்றி, முகத்துக்கு நேரே பிடிக்காமல் செய்ய வேண்டும். எனக்குக் கிரீஸ் வழியே பிடிக்கும். வேலை முடிந்ததும் உள்ளே ஒரு துளி கிரீஸ்கூடத் தங்காமல் கழுவிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை.

இப்போது உங்கள் கேள்விக்கான விடை உருளையின் உட்சுவரில் இருக்கிறது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கறை மட்டும் இருந்தால் கவலையில்லை, புது ரப்பர் கப்புகள் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டுவிடலாம். பிஸ்டனின் ரப்பர் கப் வாஷர் ஓடும் இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் மெக்கானிக் சொன்னபடி மாற்றிவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்துக் குழியைப் போக்குகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு பெருத்துவிட்ட சுவரில் புது கப்பும் கசியும்.

தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது எல்லோருக்கும் தெரியும். ஊசி முனை அளவே உள்ள சின்னத் துளையைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக்கை விட்டதும், சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். அது அடைத்திருந்தால் ஓட ஓட பிரேக் தானாக இறுகும். மின்வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி அதைத் திறந்துவிடுங்கள். செம்பு மென்மையானது, துளையைப் பெரிதாக்காது.

புதிய கிட்டின் கப்புகளைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, முதல் கப்பின் விரிந்த விளிம்பு ஸ்பிரிங் பக்கம் பார்க்குமாறு பூட்டுங்கள். ஹோஸ் போல்ட்டுக்குப் புதிய செப்பு வாஷர்கள் போடுங்கள். ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது லீவரை அழுத்திப் பிடித்து, கேலிப்பரில் அதற்கென்றே உள்ள பிளீடிங் நிப்பிளைத் திறந்து மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். தொட்டியில் ஆயில் குறைந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. லீவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் ஓட்டத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைத்துக்கொள்ளாமல் உங்கள் தெருவிலேயே, நடை வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் கிடைக்காத நேரத்தில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றிவிட்டேன். இரண்டு வாரமாக லீவர் மெதுவாகத்தான் திரும்புகிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. பிரேக்கில் உள்ள ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிவிடும். தொட்டி மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் தகடு நெளிந்து பெரிதாகியிருந்தால் அதுவே சாட்சி. மாஸ்டர் சிலிண்டர் கப்புகள், கேலிப்பர் சீல்கள், ஹோஸ், அந்தத் தகடு ஆகிய அனைத்தையும் மாற்றி, உலோகப் பாகங்களைக் கழுவிய பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். முழு மாஸ்டர் சிலிண்டரையே வாங்குவதானால், பழையதன் உடலில் பொறித்திருக்கும் உள்விட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள்: 12.7 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 14 போட்டால், அதே பிரேக்குக்குக் கை ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும்.