டெத் வேலிக்கு வசந்தத்தில் இரண்டு நாள்: கேள்வி பதில்

(கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு மார்ச், ஏப்ரலில் போய்வர நினைப்பவர்கள் கேட்டவை.)

கேள்வி: அக்கா, மார்ச் கடைசியில் போகலாமா, ஏப்ரல் நடுவிலா?

பதில்: மார்ச்தான். பள்ளத்தாக்கின் தரையில் மார்ச் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரி செல்சியஸ். ஏப்ரலில் 33 ஆகிவிடும். ஐந்து டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நடக்கும்போது அது உறைக்கும். 1913 ஜூலையில் 56.7 டிகிரி பதிவான ஊர் இது. மார்ச்சில் ஒரே தொல்லை காற்று. கிளம்பிவிட்டால் மணலை அள்ளி முகத்தில் வீசும். அப்புறம், பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை விடும் வாரங்களில் கூட்டம் நெரியும்.

கேள்வி: லாஸ் வேகஸிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலைக்குள் திரும்ப வேண்டும். பார்க்க 14 இடம் குறித்து வைத்திருக்கிறேன். முடியுமா மேடம்?

பதில்: பாதியை அடித்துவிடுங்கள். இந்தப் பூங்கா 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா இல்லை. எல்லா இடத்துக்கும் ஓடினால் காருக்குள் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

இங்கே திட்டம் போட ஒரே வழி, எந்த நேரத்தில் எந்த உயரத்தில் இருப்பது என்று யோசிப்பது. பேட்வாட்டர் என்ற உப்புவெளி கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அதற்கு நேர் மேலே, மலைவிளிம்பில் இருக்கும் டான்டேஸ் வியூ 1,669 மீட்டர் உயரம். கீழே கொதிக்கும்போது மேலே பத்து டிகிரி போலக் குறைவாக இருக்கும். அதனால் காலையும் மாலையும் கீழே, உச்சிவெயிலில் மேலே.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஸப்ரிஸ்கி பாயின்ட்டில் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வரும், அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டி நிற்கும் பனமின்ட் மலையின் உச்சி முதலில் இளஞ்சிவப்பாகும். வெளிச்சம் மெதுவாக மலையை விட்டு இறங்கி, கடைசியில் உங்கள் காலடியில் இருக்கும் மஞ்சள் களிமண் மடிப்புகளுக்கு வந்து சேரும். அது முடிந்ததும் கோல்டன் கேன்யனில் ஒரு நடை, மதியம் டான்டேஸ் வியூ. மூன்று மணிக்கு மேல் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். இது ஒருவழிப் பாதை. மலைச்சரிவில் பச்சையும் ஊதாவுமாக இருக்கும் நிறங்கள் சாய்ந்த வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும்.

மாலை பேட்வாட்டர். மரப்பாதை முடிந்ததும் உப்பு அழுக்காக மிதிபட்டுக் கிடக்கும். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் விளிம்பு புடைத்த வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக வரும். திரும்பும்போது வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள பாறையை அண்ணாந்து பாருங்கள். 'கடல்மட்டம்' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பலகை, தலைக்கு எவ்வளவோ மேலே இருக்கும்.

ஞாயிறு விடியற்காலை ஸ்டோவ்பைப் வெல்ஸ் பக்கத்து மணல்மேடுகள். முந்தைய நாள் காலடிகளைக் காற்று துடைத்திருந்தால், இரவில் நடமாடிய வண்டு, எலி, பக்கவாட்டில் நெளிந்து போகும் சைட்வைண்டர் பாம்பு எல்லாவற்றின் தடமும் தெரியும். பிறகு பீட்டி என்ற ஊர் வழியாக வேகஸ் திரும்பலாம்.

கேள்வி: பாலைவனம் முழுக்கப் பூக்கும் 'சூப்பர்புளூம்' இந்த வருடம் வருமா?

பதில்: இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை! 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகள்தான் பேர்பெற்றவை. விதையின் மேல் ஒரு பாதுகாப்பு உறை உண்டு. இலையுதிர் காலத்தில் அரை அங்குலமாவது நிதானமாக மழை பெய்தால்தான் அது கரையும். அதன் பிறகும் விட்டுவிட்டு மழை வேண்டும், வறண்ட காற்று அடிக்கக் கூடாது. ஆகவே, போன இலையுதிர் காலத்தில் மழை எப்படி என்று விசாரித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சாதாரண வருடத்திலும் பூ இல்லாமல் போகாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தாழ்ந்த இடங்களில் பூக்கும், பிறகு மேலே மலைச்சரிவுகளில் பூக்கத் தொடங்கும். சாலையோரத்தைக் கவனியுங்கள், தார்ச்சாலையிலிருந்து வழியும் மழைநீர் அங்கே கூடுதலாகச் சேரும். மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் டெசர்ட் கோல்ட். எனக்குப் பிடித்தது ஃபைவ்-ஸ்பாட். கிண்ணம்போல மூடியும் மூடாமலும் இருக்கும் இளஞ்சிவப்புப் பூ. குனிந்து உள்ளே பார்த்தால்தான் ஐந்து இதழிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு தெரியும். பறிப்பது சட்டப்படி குற்றம். படத்துக்காகப் பூக்களுக்கு நடுவே படுப்பதும் வேண்டாமே.

கேள்வி: பெட்ரோல், போன் சிக்னல்?

பதில்: பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைப்பது ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில்தான், விலையும் தாளாது. வெளியிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் குறுக்குவழி என்று ஏதாவது மண்பாதையைக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் தார்ச்சாலையிலேயே போங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அது போகக் காரில் கொஞ்சம்.

கேள்வி: தானாக நகரும் கற்கள் இருக்கும் ரேஸ்டிராக்கை வாடகைக் காரில் போய்ப் பார்க்கலாமா அண்ணி?

பதில்: அண்ணியா! சரி, இருக்கட்டும். போகாதீர்கள். கடைசி 27 மைல் கூர்க்கற்கள் நிறைந்த கரடுமுரடான பாதை, சாதாரண டயர் தாங்காது. இரண்டு நாளில் ஒரு நாளை அதுவே விழுங்கிவிடும். அந்தக் கற்கள் நகர்வதை 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். தேங்கிய மழைநீர் இரவில் மெல்லிய பனித்தகடாக உறைகிறது. வெயிலில் அது உடைந்ததும் லேசான காற்றே தகடுகளைத் தள்ள, அவை கல்லையும் தள்ளிக்கொண்டு போகின்றன.

கேள்வி: அப்பா அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. அவர்களையும் கூட்டிப்போகலாமா?

பதில்: தாராளமாக. டான்டேஸ் வியூ, ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் இரண்டிலும் காரை விட்டு இறங்கினாலே காட்சிதான். ஸப்ரிஸ்கியில் மட்டும் தார் போட்ட சின்ன ஏற்றம் ஒன்று உண்டு, மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: நாய்?

பதில்: நடைபாதைகளில் அனுமதி இல்லை. வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் ரொக்கமாகக் கட்டலாமா?

பதில்: முடியாது, கார்டு மட்டும்தான். ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும்.

கேள்வி: பேட்வாட்டரில் ஏரி இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். இப்போதும் இருக்குமா?

பதில்: 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குல மழையைக் கொட்டியது. வருடம் முழுக்கவே இங்கே சுமார் 2 அங்குலம்தான். அப்போது தேங்கிய நீர், அடுத்த பிப்ரவரி மழையில் இன்னும் பெருகி, கொஞ்ச நாள் படகு விடும் அளவுக்கு நின்றது. நீங்கள் பார்த்தது அந்தப் படமாக இருக்கலாம். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்த மழை சாலைகளையும் அறுத்துப் போட்டது, மாதக்கணக்கில் பூங்காவையே மூடி வைத்தார்கள். அதனால் கிளம்பும் அன்று காலை, பூங்காவின் இணையதளத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.