பழைய கேம் கன்சோலில் படத்தில் கோடு ஓடி, ஸ்பீக்கர் இரைவது ஏன்?

பெரும்பாலும் ரிப்பிள்தான் காரணம்: டிசி மின்சாரத்தில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம். பழைய அடாப்டரின் டையோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நொடிக்கு 100 துடிப்புகளாக்கும். கெபாசிட்டர் அவற்றைச் சமன்செய்யும். கொங்குப் பக்கத் தோட்டங்களில் போர்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குச் சீராகப் போகுமே, அப்படி. கெபாசிட்டர் வயதாகிக் காய்ந்துவிட்டால் தொட்டி சிறுத்துப்போன மாதிரிதான்.

கன்சோல் ஓடும்போதே 7805 ரெகுலேட்டரை (வோல்ட்டைச் சீராக 5-க்குக் கொண்டுவரும் பாகம்) மல்டிமீட்டரில் பாருங்கள்: உள்ளே வருவது 7.5 வோல்ட்டாவது வேண்டும், வெளியே 5. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், ரிப்பிளை அல்ல. எண் சரியாக இருந்தும் கோடு ஓடினால் கெபாசிட்டரை மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு) அதேதான், அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

ஆம்பியர் கூடின அடாப்டர் கன்சோலை எரித்துவிடும் என்பது தப்பு; கன்சோல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். எரிப்பது அடாப்டரின் கூடின வோல்ட்டும் மாறிப்போன பிளஸ் மைனஸும் (நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபாமிகாமுக்கு நடுமுனை மைனஸ்).