ஆதார் மையத்துக்குப் போகும் முன் சான்றிதழை ஒருமுறை பாருங்கள்

கேள்வி: நான் திருநம்பி, வயது 27. மாவட்ட ஆட்சியர் வழங்கிய திருநர் சான்றிதழும் அடையாள அட்டையும் கையில் உள்ளன. ஒன்றரை ஆண்டாக ஹார்மோன் சிகிச்சை எடுத்துவருகிறேன். அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. ஆதார், பான், பாஸ்போர்ட், பிளஸ் டூ சான்றிதழ் எல்லாம் பழைய பெயரில் உள்ளன. இவற்றில் ‘ஆண்’ என்றே வர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆதாரில் தொடங்காதீர்கள். அதில் பெயரை இரண்டு முறை மாற்றலாம், பாலினத்தை ஒரே ஒரு முறைதான். உங்களிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுச் சான்றிதழ். அதில் ‘திருநர்’ என்றுதான் இருக்கும். அதைக் காட்டினால் ஆதாரிலும் திருநர் என்றே ஏறிவிடும். உங்களுக்கிருந்த ஒரே வாய்ப்பும் போய்விடும். அதன்பின் ‘ஆண்’ ஆக்க, விதிவிலக்கு கேட்டு ஆதார் மண்டல அலுவலகம் வரை அலைய வேண்டும்.

‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று வருவதற்கு 7-ஆம் பிரிவின்படி திருத்திய சான்றிதழ் வேண்டும். அந்தப் பிரிவில் ‘அறுவை சிகிச்சை’ என்ற சொல் இருப்பதால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 2020-ஆம் ஆண்டு விதிகள் மருத்துவ சிகிச்சை என்பதற்குத் தரும் விளக்கத்தில் மனநல ஆலோசனையும் ஹார்மோன் சிகிச்சையும் அடங்கும். அறுவை சிகிச்சை ‘இருந்தால்’ என்றே அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விளக்கம் இன்றும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்ணப்பத்தோடு அதன் நகலையும் இணையுங்கள். அறுவை சிகிச்சைத் தாளைக் கேட்டு வற்புறுத்தும் எழுத்தருக்கு, வாக்குவாதத்தைவிட அந்த ஒரு பக்கம் நன்றாகப் பதில் சொல்லும்.

விண்ணப்பம் பெரும்பாலும் தடைபடுவது மருத்துவச் சான்றில்தான். மருந்துச் சீட்டு போதாது; சிகிச்சை தரும் மருத்துவர் கையெழுத்து மட்டும் இருந்தாலும் போதாது. சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். விண்ணப்பம் சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய இணையதளத்தில். படிவங்கள் திருத்தப்படக்கூடியவை என்பதால், யாரோ அனுப்பிய பழைய படிவத்தை நிரப்பாமல் அன்றைக்குத் தளத்தில் இருப்பதையே நிரப்புங்கள். விதிப்படி ஆட்சியர் 15 நாளில் முடிவெடுக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு.

அடுத்தது பெயர். சட்டம் முதற்பெயரை மாற்றும் உரிமையைத்தான் தருகிறது. இனிஷியலை அப்படியே வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயரின் எழுத்து வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுக்கொள்வது நல்லது. எப்படியானாலும் ஆங்கில ஸ்பெல்லிங்கை இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, விரித்து எழுதப்படுமா என்பதையும் சேர்த்து. ஒரு ஆவணத்தில் ‘கே. கதிர்’, இன்னொன்றில் ‘கதிர் குமார்’ என்று இருந்தால் கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்.

திருத்திய சான்றிதழ் வந்ததும் ஆதார், பிறகு பான், வங்கி, கடைசியில் பாஸ்போர்ட் என்று போங்கள். விதிப்படி ஒவ்வொரு அலுவலகமும் 15 நாளில் மாற்றித் தர வேண்டும். ஆவண எண் பழையதாகவே இருக்க வேண்டும். இரண்டாவது விஷயம் முக்கியம்: எண் மாறினால் வங்கிக் கடனும் வருங்கால வைப்பு நிதியும் உங்கள் பழைய வரலாற்றிலிருந்து அறுந்துவிடும். ஆகவே புதிய பான் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். திருத்த விண்ணப்பம் மட்டும்.

பிறப்புப் பதிவேட்டில் ‘இது பிழை அல்லவே, எப்படித் திருத்துவது?’ என்று பதிவாளர் கேட்கக்கூடும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆம் பிரிவு பிழைத்திருத்தத்தைப் பற்றியது என்பதால் எழும் கேள்வி இது. 2019 சட்டத்தின் 7(3) பிறப்புச் சான்றிதழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதை எழுத்தில் காட்டுங்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில், பழைய பெயரும் புதிய பெயரும் இருக்கும்படி திருத்திய சான்றிதழ் தரச் சொன்னது. மூலப் பதிவு அழியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பள்ளிச் சான்றிதழ்தான் அதிகம் தாமதமாவது. படித்த பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு மனு கொடுங்கள். 2020 விதிகளின் இணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலில் கல்விச் சான்றிதழ்களும் இருக்கின்றன. அதையும் மனுவில் எழுதுங்கள். அது வரும்வரை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தை ஆட்சியர் சான்றிதழ் நகலுடன் கொடுங்கள். எந்த அலுவலகத்திலும் அசல் ஆவணத்தை விட்டுவிட்டு வராதீர்கள். தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்காமலும் வராதீர்கள். அந்த முத்திரையில் உள்ள தேதியிலிருந்துதான் 15 நாளைக் கணக்கிட முடியும்.