வெட்டுப் பலகைக்கு எண்ணெய்: கேள்விகளும் என் பதில்களும்

மரவேலைதான் எனக்குத் தொழில். காய்கறி வெட்டும் மரப்பலகையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கைப்பழக்கத்தில் அறிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, புதுப் பலகைக்குச் சமையல் எண்ணெயையே தடவினால் போதாதா?

வேண்டாம் தங்கச்சி. சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை மரத்துக்குள் போய்க் காயாமல் அப்படியே கிடக்கும். காற்றுப் பட்டுப் பட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தாமதமாகக் கெடும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள். உணவுப் பலகைக்கான மினரல் ஆயில் அந்த வகைதான். அது கெடாது.

தடவும் முன் பலகை ஒரு முழுநாள் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவுங்கள். மரநார் வெட்டுப்பட்ட முனைகளை மறந்துவிடாதீர்கள். அங்கே நாரின் வாய் திறந்திருப்பதால் தண்ணீரும் எண்ணெயும் அதிகம் இறங்கும். ஓர் இரவு ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். முதல் வாரத்தில் இப்படி மூன்று நான்கு முறை செய்தால் நல்லது.

மறுபடி எப்போது தடவுவது?

நாள் கணக்கு வேண்டாம். பலகைமேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பரவி உள்ளே இறங்கினால் தடவும் நேரம்.

ஒழுங்காக எண்ணெய் போட்டும் என் பலகை படகுபோல வளைந்துவிட்டதே, ஐயா?

தம்பி, எண்ணெய் தண்ணீரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. கழுவியதும் மேடைமேல் படுக்கப் போட்டிருப்பீர்கள். மேல்பக்கம் காய, அடிப்பக்கம் ஈரத்திலேயே கிடக்கும். ஈரமான மரம் நாருக்குக் குறுக்கே விரியும். நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் வளையாமல் என்ன செய்யும்? எண்ணெய் போடாத பலகைகூட இருபுறமும் ஒரே சீராகக் காய்ந்தால் பல வருடம் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குழிந்த பக்கம் கீழே வரும்படி, பிழிந்த ஈரத்துணிமேல் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள். மறுநாள் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாமல் மெதுவாகக் காயவிடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இனி இரண்டு பக்கமும் நனைத்துக் கழுவி, துடைத்து, நிறுத்தியே காய வையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போடவே கூடாது.

ஆளிவிதை எண்ணெய் தடவலாமா?

கலப்பில்லாத எண்ணெய் என்றால் தடவலாம். காற்றில் இறுகிக் கெட்டிப்படும் எண்ணெய் அது. ஆனால் முழுக்கக் காய வாரக்கணக்கில் ஆகும். பெயின்ட் கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதை உணவுப் பலகைக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடித்துவிடும். வெளியே தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

கறுப்புத் திட்டுகள் பூசணமா?

ஈரமான இரும்புக் கத்தியை அதன்மேல் வைத்திருந்தால், மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்த கறை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தால் வெளுக்கும். வெளுக்காமல் முக்கல் வாடை அடித்தால் பூசணம்தான். தேய்த்தெடுத்துவிட்டு, நன்றாகக் காயவையுங்கள்.

மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்கிறார்களே?

அமெரிக்காவில் உணவுக் கிருமிகளை ஆராயும் டீன் கிளைவரும் அவருடைய சகாக்களும் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். மரத்தில் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு, பெருகாமல் மெல்லச் செத்தன. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினமாக இருந்தது. அதற்காகக் கழுவாமல் இருக்கலாகாது. பச்சை இறைச்சிக்குத் தனிப்பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பழைய பலகை முழுக்கக் கீறல். தூக்கிப் போட மனமில்லை.

போடாதீர்கள் அம்மா. உள்வரை பிளவு இல்லையென்றால் அதை மீட்கலாம். நார் போகும் திசையில் 80ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120, பிறகு 220. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் சிலிர்த்து எழும்பும். காய்ந்தபின் 220ஆல் மறுபடி லேசாகத் தேயுங்கள். அப்புறம் எண்ணெய். மேலே பூச, ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு மினரல் ஆயிலில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம். ஆறியதும் துணியால் தேய்த்துவிடுங்கள்.