தாலிக்கொடியை அடைவு வைக்க வேண்டாம்

பரந்தனில் இருந்து மகனோடு பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு,

கொழும்பில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி, ஆறு லட்சம் ரூபாய், தங்குமிடச் செலவு வேறு. "இப்ப எல்லாம் ஏஐதான், இதைப் படிச்சால் வேலை நிச்சயம்" என்று கனடா மாமா சொல்லிவிட்டார் என்றீர்கள். பிள்ளை நல்லாய் வருவான், பயப்படாதீர்கள் என்று அன்று அனுப்பிவிட்டேன். பிறகுதான் மனம் கேட்கவில்லை. தாலிக்கொடியை அடைவு வைக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

அந்தப் பயிற்சியின் நோட்டீசில் பதினான்கு தொழில்நுட்பங்களின் பெயர் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு கிழமைகூட வராது. அவற்றில் எத்தனை ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும்? இணையப் பக்கங்கள் செய்ய உதவும் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016இல் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். பழையதில் செய்தவை புதியதில் அப்படியே ஓடவில்லை. 2021 முடிவோடு பழையதைக் கைவிட்டும் விட்டார்கள்.

சரி, எதைப் படிப்பது? கம்பஸ், வெளிவாரிப் பட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள், விடுங்கள். தம்பி அன்று போனில் காட்டியதைக் கவனித்தீர்களா? பெரியப்பாவின் அரிசி ஆலைக் கணக்கு. கொப்பியில் மூன்று கணபதிப்பிள்ளை. காலபோக நெல்லில் பன்னிரண்டு மூடை யாருடையது என்று ஆலையில் சண்டையாம். தம்பி ஆளுக்கொரு இலக்கம் போட்டு, ஆட்களை ஒரு அட்டவணையிலும் மூடைகளை இன்னொன்றிலும் வைத்து, இலக்கத்தால் இரண்டையும் இணைத்திருக்கிறான். கணினியில் தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து வைப்பதைத் தரவுத்தளம் என்பார்கள், அந்தப் படிப்பின் முதல் பாடமே அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அங்கே போய் நிற்கிறான்.

தரவுத்தளத்தில் எழுதவும் தேடவும் உரிய மொழி எஸ்கியூஎல். 1970களில் ஐபிஎம்மில் பிறந்தது, இன்றும் பல வங்கிகளின் கணக்குகளில் அது பயன்படுகிறது. தம்பி பாவித்த எஸ்கியூலைட் அந்த மொழியில் இயங்கும் சிறிய தரவுத்தள மென்பொருள், 2000இல் வந்தது, இலவசம், ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. கணினியில் மூடைக் கணக்கை எழுதும்போதே கரண்ட் போனால், அந்தப் பதிவு முழுதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, பாதியில் தொங்காது. எங்கள் ஊர்க் கரண்டுக்கு வேறென்ன வேண்டும்? பலர் ஒரே நேரத்தில் எழுதும் அளவுக்குக் கணக்குப் பெருத்தால் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தள மென்பொருளுக்கு மாறலாம். அதுவும் இலவசம், படித்ததில் பெரும்பகுதி அங்கும் செல்லும். ஏஐ எஸ்கியூஎல் வரிகளை எழுதித் தரும், உண்மைதான். ஆனால் மூன்று கணபதிப்பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டிவிட்டதா என்று பார்க்க ஆலையைத் தெரிந்த ஆள் வேண்டுமே.

சான்றிதழ் வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே தகவல் தொழில்நுட்பத்துக்கு என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் படிக்கலாம், வீட்டில் இருந்தே பஸ்ஸில் போய்வரலாம். விண்ணப்பம் எப்போது என்று இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.

மாமாவிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் அவருடைய வாட்ஸ்அப் நம்பரைத் தாருங்கள், நான் பேசுகிறேன். தம்பி சனிக்கிழமை ஆலைக் கொப்பியோடு வரட்டும். பழைய போகத்துக் கணக்கையும் ஏற்றிப் பார்ப்போம்.