சுத்திகரித்த நீரிலும் பாசியா? வடசென்னை வாசகர் கேள்விகள்

எங்கள் எஸ்டிபியின் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) திறந்த தொட்டி, பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடலாமா? (மாதவரம், குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரை முக்கால் பங்கு மொண்டு, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே ஏடு கட்டி நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி.

நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உள்ளே வைத்திருக்கும். கல்லீரலைத் தாக்குவது அது. மயில்துத்தம் பட்டதும் செல் உடைந்து, நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். செத்த பாசி அழுகி நாற்றம் வேறு. செம்பும் சேற்றிலேயே தங்கிவிடும்.

தொட்டியை மூடுங்கள். தகர ஷீட்டோ கறுப்புத் தார்ப்பாயோ போதும். வெளிச்சம் புகும் பச்சை வலை பத்தாது. அப்புறம், தண்ணீரை நாள்கணக்கில் தேக்காமல் ஃப்ளஷுக்கு விட்டுக்கொண்டே இருங்கள். பச்சை தெளியும்வரை ஸ்பிரிங்க்ளர் வேண்டாம், சாரல் மூச்சில் போகும்.

எங்கள் குட்டைத் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) காலையில் 7.8, மதியம் 9.3. மீட்டர் கோளாறா? (மணலி, ஆலை ஆபரேட்டர்)

மீட்டரைச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் இது பாசியின் வேலை. வெயிலில் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் ஏறும். ராத்திரி சுவாசித்துத் திருப்பி விடும்போது இறங்கும். ஆசிட் ஊற்றிச் சரிக்கட்டினால் மறுநாளும் ஊற்ற வேண்டியதுதான். பாசிக்கு உணவான பாஸ்பரஸைக் குறையுங்கள்: குட்டைக்கு முன்பே படிகாரம் சேர்த்துப் படியவைக்கலாம். அளவை ஜார் டெஸ்ட் (ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்ப்பது) செய்து முடிவெடுங்கள், சப்ளையர் சொல்வதை வைத்து அல்ல.

பச்சை என்றாலே கெடுதலா? (கொடுங்கையூர், மாணவி)

இல்லை. ஆக்சிஜனேற்றக் குட்டைகளில் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தருவதே பாசிதான். அங்கே அதை அழித்தால் குட்டையே நாறும். கடைசிக் கட்டத் தேக்கத்தில் வந்தால்தான் தொல்லை. உங்கள் ஊரிலேயே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் கழிவுநீரை ஆர்ஓ வரை கொண்டுபோய் மணலி தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் பாசி புகுந்தால் மெம்பரேன் (ஆர்ஓவில் வடிகட்டும் சவ்வு) அடைத்துக்கொள்ளும்.

பார்லி வைக்கோல் போட்டால் போகுமாமே? (திருவொற்றியூர்)

இருக்கும் பாசியை அது கொல்லாது. புதிதாக வளர்வதைச் சில இடங்களில் தடுத்திருக்கிறது, பல இடங்களில் இல்லை. பார்லி கிடைக்கவில்லையே என்று நெல் வைக்கோலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அழுகி பிஓடிதான் (கழிவை மக்கவைக்க பாக்டீரியா இழுக்கும் ஆக்சிஜனின் அளவு) ஏறும்.