நுனிக்காலில் நடக்கும் பையனைத் திருத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. டூஷென் தசைச்சிதைவு நோய் என்று போன வருடம் மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல், அசைந்து அசைந்து நடக்கிறான். தினமும் நாலைந்து தடவை விழுகிறான். பள்ளியில் 'நேராக நில்லு' என்று அதட்டுகிறார்கள். குதிகாலை ஊன்றி நடக்கப் பழக்கு என்கிறார் மாமியார். குதிகால் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது? - வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, 'நேராக நில்லு' என்று இனி யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம். கோணலாகத் தெரிகிற அந்த நிலைதான் அவனை விழாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்த நோயில் முதலில் பலம் குறைவது இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள பெரிய தசைகள். புட்டத்துத் தசை தளர்ந்தால் உடம்பு இடுப்பில் மடங்கி முன்னால் சாயப் பார்க்கும், அதனால் அவன் முதுகை வளைத்துத் தோளைப் பின்னால் கொண்டுபோகிறான், பாரம் இடுப்பு மூட்டுக்குப் பின்னால் இறங்கி, தசை செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிடுகிறது. முழங்காலும் இப்படித்தான். முன்தொடைத் தசைக்குப் பலமில்லை என்றால் முழங்கால் திடீரென்று மடங்கிவிடும். நுனிக்காலில் நிற்கும்போது பாரம் முழங்காலுக்கு முன்பக்கம் போய் அதை மடங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் உடம்பே கண்டுபிடித்த வழி இது. ஆனால் மிக நுணுக்கமான சமநிலை. பின்னால் இருந்து ஒரு சின்ன இடி, கனமான புத்தகப் பை, ஈரமான தரை, ஏதாவது ஒன்று போதும், விழுந்துவிடுவான்.

அதற்காகக் கெண்டைக்கால் இறுகட்டும் என்று விட்டுவிடவும் கூடாது, ரொம்ப இறுகினால் நிற்பதற்குத் தரையில் ஊன்றும் பாதத்தின் பரப்பே சுருங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும்படி தினமும் மெதுவாக நீட்டிவிடுங்கள். கணுக்கால் ஸ்பிளின்ட்டை, அதாவது பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் கட்டை, இரவில் தூங்கும்போது போடலாம். நடக்கும்போது போட்டால் அவன் பிடித்து வைத்திருக்கும் சமநிலை கெட்டுவிடும். ஆபரேஷன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் குதிகால் தசைநாணை அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் நடையே நின்றுபோகலாம். நரம்பு, தசை நோய் மருத்துவர் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

பலம் வரட்டும் என்று படி ஏறி இறங்க விடுவது, குதிக்க விடுவது, எடை தூக்க வைப்பது எதுவும் வேண்டாம், இந்தத் தசை அதில் கிழிகிறது. தண்ணீரில் விளையாடுவது நல்லது. மறுநாள் தசை வலித்தாலோ சிறுநீர் கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். வகுப்பு தரைத்தளத்தில் இருக்கட்டும், பையை வேறு யாராவது தூக்கட்டும், மணியடிக்க 5 நிமிடம் முன்னால் அவனை விடட்டும். விழுந்தால் அக்குளில் கைவிட்டுத் தூக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள், அவன் தோளிலும் பலம் குறைவு, நழுவிவிடுவான். ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டால் அதைப் பிடித்து எழுந்துகொள்வான்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். எலும்பு மெலியும் என்பதால் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் முறிந்தால், போன உடனேயே மருத்துவமனையில் இந்த நோயின் பெயரைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் படுக்க வைத்தால் திரும்ப நடப்பது கஷ்டம். விழுந்த பிறகு மூச்சு வாங்கினாலோ குழம்பிப் பேசினாலோ, கால் முறியவில்லை என்று தோன்றினாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.